கீழக்கரைப் பக்கம் ஓட்ட முதல் ராக் கிராலர்: எதை வாங்கலாம்?

சகோ, நீங்கள் எழுதியதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பதில் எழுதிவிடக் கூடாது. கீழக்கரையில் வீடு, 9 வயது மகன், இருவரும் சேர்ந்து சாயங்காலம் ஓட்டுவதற்குக் கல்லில் மெதுவாக ஏறி இறங்கும் ரிமோட் கார், அதாவது ராக் கிராலர், ஒன்று வேண்டும், ரேஸ் வேகம் எல்லாம் வேண்டாம், பட்ஜெட் 12,000 ரூபாய், துபாயில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், எந்த மாடல் வாங்கி வரச் சொல்வது, அதைக் கடற்கரையில் ஓட்டலாமா. மாடல் பெயரைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் படித்தபோது எனக்குப் பட்டது, உங்களுக்குத் தெரிய வேண்டியது அதற்கும் முந்தின ஒன்று: நம்ம ஊர் உப்புக் காற்றில், பக்கத்தில் ஹாபி கடை ஒன்றுகூட இல்லாத இடத்தில், வாங்கிய வண்டி அடுத்த வருஷமும் ஓடுமா, கெட்டால் வீட்டிலேயே சரி செய்ய முடியுமா? அதற்குப் பதில் சொன்னால் மாடல் தானாகவே வந்து நிற்கும்.

நான் மண்டபத்தில் 16 வருஷமாக விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் பழுது பார்க்கிறேன். கிராலர் பழக்கம் 7 வருஷமாக. சொந்தமாக மூன்று சின்ன வண்டிகள் வைத்திருக்கிறேன், தெரிந்தவர்கள் கொண்டு வந்து பிரித்துப் பார்த்தது ஒரு இருபது இருக்கும். பெரிய வண்டி, அதாவது அசல் காரில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவு, என்னிடம் சொந்தமாக இருந்ததில்லை, நண்பர்களுடையதை ஓட்டியும் பழுது பார்த்தும்தான் பழக்கம். அதனால் சின்ன வண்டிகள் பற்றியும் உப்பு பற்றியும் நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம், பெரியது பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

முதலில், கிராலர் எப்படி ஏறுகிறது என்பது தெரிந்தால் ஏமாறாமல் வாங்கலாம். சாதாரண காரில் அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கும், வளைவில் உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதற்காக. ரோட்டுக்கு அது நல்லது, கல்லுக்கு ஆகாது, ஏனென்றால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் மோட்டாரின் சக்தி எல்லாம் அந்தத் தூக்கிய சக்கரத்துக்கே போய் அது சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் அசையாது. கிராலரில் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாகப் பூட்டிவிடுவார்கள். மூன்று சக்கரம் தூக்கினாலும் நாலாவது இழுக்கும். கூடவே பல்சக்கரங்களை மாற்றி மாற்றிக் கோத்து மோட்டாரின் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டியிருப்பார்கள், அதனால்தான் நல்ல கிராலர் நாம் நடக்கிற வேகத்தில்தான் போகும். டயரில் காற்று இருக்காது, உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கும், மேலே மெத்தென்ற ரப்பர், அது கல்லின் வடிவத்துக்கு அமுங்கிப் பிடிக்கும். அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று, டிராக் பிரேக்: விசையிலிருந்து விரலை எடுத்ததும் வண்டி சரிவில் அப்படியே நிற்கும், பின்னால் உருளாது. இந்த நாலும் சேர்ந்தால்தான் கிராலர். பூட்டிய அச்சுக்கு ஒரு விலையும் உண்டு, வண்டி பெரிய வட்டமடித்துத்தான் திரும்பும், சிமெண்ட் தரையில் டயர் தேயும். அது குறை இல்லை, இயல்பு.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், ராமேஸ்வரத்தில் கோயில் தெருக் கடைகளிலும் ஆன்லைனிலும் 'ராக் கிராலர்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு, பெரிய டயரும் வெளியே தெரியும் ஸ்பிரிங்குமாக ஒன்று விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அது பொம்மை. அதன் ரிமோட்டில் முன், பின், இடம், வலம் என்று நாலு நிலைதான், அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிற்கும். கல்லில் ஏறுவதற்கு விரல் நுனி அளவு சக்தி கொடுத்து, சக்கரம் பிடிக்கிறதா பார்த்து, இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டும், அதற்கு அதில் வழியே இல்லை. அழுத்துவதற்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும் ரிமோட்டை புரபோஷனல் என்பார்கள். விளம்பரத்தில் அந்தச் சொல் த்ராட்டிலுக்கும் (வேக விசை) ஸ்டியரிங்குக்கும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், சில வண்டியில் ஒன்றுக்கு இருக்கும், மற்றதற்கு இருக்காது. 5 வயதுப் பிள்ளைக்குப் பொம்மை போதும். உங்கள் மகனுக்கு 9 வயது, அவன் ஒரு வாரத்தில் அதன் எல்லையைக் கண்டுபிடித்துவிடுவான்.

மச்சான் கடைக்குப் போய்க் கையில் எடுத்துப் பார்க்க முடியும் என்றால் இந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். அடுத்த சக்கரமும் அதே பக்கம் சுற்றினால் அச்சு பூட்டியது, எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளே டிஃபரன்ஷியல் இருக்கிறது. முன்னாலும் அப்படியே. பிறகு ரிமோட்டை மெல்ல அழுத்தினால் வண்டி எறும்பு மாதிரி ஊர வேண்டும், துள்ளிக் கிளம்பக் கூடாது. ஒரு பலகையைச் சாய்த்து அதில் ஏற்றிப் பாதியில் விரலை எடுத்தால் நிற்க வேண்டும். டயரை இரண்டு விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும், கட்டைப் பிளாஸ்டிக் போல இருந்தால் வேண்டாம். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, இதில் தேறினால் வாங்கலாம்.

அளவு விஷயத்தில் என் கருத்து உறுதியானது: முதல் வண்டி சின்னதாக இருக்கட்டும். 1/24 என்பது ஏறக்குறைய ஒரு சாண் நீளம், 1/18 அதைவிடக் கொஞ்சம் பெரிது, 1/10 ஒரு முழத்துக்கு வரும், எடையும் இரண்டு மூன்று கிலோ. பெரிய வண்டிக்குப் பெரிய பாறை வேண்டும். நம்ம மாவட்டத்தில் மலை எங்கே இருக்கிறது? கண்மாய்க் கரையும் பனங்காடும் மணலும்தான், வீடு கட்டும் கருங்கல்லே லாரியில் வெளியூரிலிருந்து வருகிறது. ஆனால் ஒரு சாண் வண்டிக்கு முற்றத்தில் கிடக்கிற பத்து சைஸ் கல் போதும், இரண்டு செங்கல்லும் ஒரு பனந்துண்டும் வைத்தால் அது மலைத்தொடர். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தலையணை, செருப்பு, புத்தக அடுக்கு மேல் ஏற்றலாம். விழுந்தாலும் எடை குறைவு, உடைவது குறைவு. பேட்டரியும் டயரும் சின்னது என்பதால் அடுத்தடுத்த செலவும் சின்னது. குறை என்ன? புல் உயரமாக இருந்தால் சிக்கும், உலர்ந்த கடற்கரை மணலில் 1/24 வண்டி சக்கரம் முழுக்கப் புதைந்து வயிற்றில் உட்கார்ந்துவிடும். அந்த இடத்தில் 1/18 கொஞ்சம் தேவலை.

சரி, பெயர்களுக்கு வருவோம். 1/24 அளவில் பல பேருக்கு முதல் வண்டியாக அமைவது ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24. உலகம் முழுக்க நிறைய விற்றிருப்பதால் அதற்குக் கிடைக்காத உதிரிப் பாகமே இல்லை என்று சொல்லலாம், கம்பெனிப் பாகமும் கிடைக்கும், மற்றவர்கள் செய்ததும் கிடைக்கும். அதோடு வரும் ஸ்டியரிங் சர்வோ, அதாவது முன்சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார், பலம் குறைந்தது, கல் இடுக்கில் சக்கரம் மாட்டினால் திருப்பத் திணறும், ஜீப் உடல் போட்ட மாடலில் தலை கனத்துப் பக்கவாட்டில் கவிழும். இரண்டும் சரி செய்யக்கூடியவை. எஃப்எம்எஸ் எஃப்சிஎக்ஸ்24 அதே அளவில் வருகிறது, அதில் இரண்டு கியர் வேகமும், சக்கரத்தின் அருகே தனிப் பல்சக்கரம் வைத்து அச்சையே உயர்த்திய போர்ட்டல் அமைப்பும் உண்டு, கல்லில் வயிறு தட்டுவது குறையும், ஆனால் பாகம் கூடினால் பிரிக்கும் வேலையும் கூடும். 1/18 அளவில் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம், 2022இல் வந்தது, 7.4 வோல்ட் 750 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரி கூடவே வரும், எலெக்ட்ரானிக்ஸ் நீர் புகாதபடி செய்யப்பட்டது. அமெரிக்காவில் வெளியானபோது 150 டாலர். இன்னும் குறைந்த விலையில் டபிள்யூபிஎல் சி24, எம்என் டி90 போன்ற சீன வண்டிகள் உண்டு. சி24 பழைய பிக்கப் வடிவம், லீஃப் ஸ்பிரிங்கோடு, பார்க்க அசல் மாதிரியே இருக்கும். விலைக்கு அவை நல்ல சரக்குதான், பிரித்து மாட்டப் பிடித்தவர்களுக்குப் பொற்பாடம். ஆனால் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயும், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் தரம் மாறும். வாங்கிய நாளிலேயே ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிற பிள்ளையிடம் அதைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

ஒன்றே ஒன்று சொல் என்றால் டிஆர்எக்ஸ்-4எம் என்பேன். காரணம் அதன் ஏறும் திறமை இல்லை, அந்த விஷயத்தில் எஃப்சிஎக்ஸ்24 சில கற்களில் அதைவிட நன்றாக ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். நம்ம காற்றுக்கு அடைத்த எலெக்ட்ரானிக்ஸ் தாக்குப் பிடிக்கிறது, அளவு முற்றத்துக்கும் சரி, ஈர மணலுக்கும் சரி. அது பட்ஜெட்டைத் தாண்டினால் எஸ்சிஎக்ஸ்24, தண்ணீரில் இறக்காமல் ஓட்டுவதாக இருந்தால். உப்பு பற்றிச் சொல்வது உறுதி, இந்த இரண்டில் எது உங்கள் மகனுக்கு அதிகம் பிடிக்கும் என்பது என் ஊகம் மட்டுமே.

துபாயா இங்கேயா என்பதற்கு: வண்டியை அங்கே வாங்கலாம், ஆனால் உதிரி இங்கே கிடைக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது, அதற்கப்புறம்தான் இங்கே இந்த வண்டிகளின் விலை கைக்கெட்டாமல் போனதாக நான் உணர்ந்தேன். ஒரு சின்ன அச்சுத் தண்டு உடைந்ததற்கு மச்சானின் அடுத்த லீவு வரை காத்திருக்கக் கூடாது. அதனால் வண்டியோடு சேர்த்தே முன் அச்சுத் தண்டு ஒரு ஜோடி, பல்சக்கரம் ஒரு செட், கூடுதல் பேட்டரி ஒன்று வாங்கச் சொல்லுங்கள், தனியாகத் தருவித்தால் தபால் செலவே பாகத்தைவிட அதிகமாகும். இன்னொன்று, தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் கொண்டு வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. இந்தச் சின்ன பேட்டரி 6 வாட் ஹவர்கூட வராது, கைப்பைக்கான பொது வரம்பு 100, அதனால் அளவில் சிக்கல் இல்லை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டார்கள் என்று என்னிடம் வந்தவர்கள் எல்லாருமே பெரிய பெட்டியில் போட்டவர்கள்தான்.

இப்போது கடற்கரை. 'நீர் புகாதது' என்றால் தண்ணீர் பட்டதும் ஷார்ட் ஆகாது என்று மட்டும்தான் பொருள். உப்பு தாங்கும் என்று பொருள் இல்லை, அப்படி விற்கிற கம்பெனியே கையேட்டில் உப்புத் தண்ணீர் அரிக்கும் என்று எச்சரிக்கிறது. என் முதல் வண்டியை தனுஷ்கோடியில் அரிச்சல்முனைக்குப் போகும் வழியில், அலை வந்து போன ஈரத்தில், ஒரு அரை மணி நேரம்தான் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து குழாயில் கழுவி வெயிலில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது, பிறகு நின்றே போனது. பிரித்தால் சர்வோ போர்டில் செம்பு எல்லாம் பச்சையாகக் களிம்பேறி இருக்கிறது, சக்கரத்து பேரிங் இரண்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. கடலில் வேலை செய்யும் கருவிகளைத் தினமும் திறந்து பார்க்கிற எனக்கு அது புதுக் காட்சி இல்லை, ஆனால் காரணம் யோசிக்க வைத்தது, கழுவிய பிறகும் எப்படி? எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு. உப்பை உப்பால் கழுவியிருக்கிறேன். மாவட்டத்தில் பாதிக்கு மேல் வீடுகளில் இதே கதைதான் இருக்கும், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கழுவுவதாக இருந்தால் காவிரித் தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர். ஒரு குவளை போதும், பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்து மெல்லத் தேய்த்து, நிழலில் ஃபேன் காற்றில் காய விடுங்கள். டயரை மறக்காதீர்கள், ஓரத்தில் காற்றோட்டத் துளை இருக்கும், அதன் வழியாக உள்ளே ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும், சக்கரத்தை வேகமாகச் சுற்றினால் வெளியே தெறிக்கும்.

கடலில் இறக்காவிட்டாலும் காற்றில் உப்பு இருக்கிறது, ஜன்னல் கம்பியைத் தொட்டாலே பிசுபிசுக்கிற ஊர் நம்முடையது. படகு வேலையில் நான் செய்வதையே வண்டிக்கும் செய்கிறேன். இணைப்பு முனைகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) ஒரு துளி. இரும்புத் திருகு தலைகளில் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. மோட்டார் தண்டின் இரு முனையிலும் மாதம் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். துரு போக்கும் ஸ்பிரேயை பேரிங்கில் அடிப்பது பலர் செய்யும் தப்பு, அது உள்ளிருக்கும் கிரீஸையும் கரைத்துக் கொண்டு போய்விடும், அடித்தால் பிறகு கிரீஸ் வைத்தே ஆக வேண்டும். ஓட்டாத நாளில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வைத்தால் போதும். சாதாரண எஃகு பேரிங்குக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், துரு தள்ளிப்போகும். எவ்வளவு தள்ளிப்போகும் என்பது நீங்கள் எவ்வளவு துடைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மணலிலும் ஒரு எதிரி உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள்: தங்கூசி. கரையில் அறுந்து கிடக்கிற வலை நூலும் தூண்டில் நரம்பும் கண்ணுக்கே தெரியாது. சக்கரத்தில் மாட்டினால் அச்சைச் சுற்றிச் சுற்றி இறுகி, உராய்ந்த சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும், மோட்டார் சூடாகி எரிவதற்கு நான் பார்த்தவரை அதுதான் முக்கியக் காரணம். வண்டி திடீரென்று மெதுவானால் அழுத்திக்கொண்டே இருக்காமல் உடனே தூக்கிப் பாருங்கள். மகன் ஓட்டும்போது இதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். கருவேல முள்ளைப் பற்றிக் கவலை வேண்டாம், டயரில் காற்று இல்லாததால் குத்தினாலும் ஒன்றும் ஆகாது, பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டலாம்.

எங்கே ஓட்டுவது என்பதில் ஒரு வேண்டுகோள். வீட்டில் கல் தடம் அமைக்கும்போது கடலோரத்தில் கிடக்கும் பவளக் கல்லை எடுத்து வராதீர்கள், பார்க்க அழகாக, சொரசொரப்பாக, கிராலருக்காகவே செய்த மாதிரி இருக்கும், எனக்கும் அந்த ஆசை வந்தது. உங்கள் ஊருக்கு எதிரே கடலில் இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986இல் அறிவித்தது, அதன் 21 தீவுகளில் 7 கீழக்கரைக் குழு. கல்பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, யானைக்கும் புலிக்கும் உள்ள அதே இடம். அதே போல தனுஷ்கோடி தேவாலயச் சுவர்கள், 1964 புயலில் மிஞ்சியவை, பவளக் கல்லில் கட்டியவை, ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் வண்டி ஏற்றிப் படம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் உடைந்த கருங்கல் இரண்டு கூடை சும்மாவே தருவார்கள், ஒன்றரை ஜல்லி கொஞ்சம், நாலு சைஸ் கல், ஒரு பனை மட்டை பாலமாக. கல்லை அசையாமல் மண்ணில் பாதி புதைத்து வையுங்கள், உருண்டால் வண்டி மேலேயே விழும். வெளியே ஓட்ட ஆசைப்பட்டால் கோடையில் வற்றிய கண்மாயின் கரைச் சரிவும் மதகுப் பக்கக் கற்களும் அருமையான இடம், உப்பும் கிடையாது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். இந்த வண்டிகளில் வருவது பெரும்பாலும் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், இரண்டு செல், நிறைந்தால் 8.4 வோல்ட், ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். ஓட்டி முடித்ததும் கழற்றி எடுங்கள், ரிமோட்டை மட்டும் அணைத்துவிட்டு வண்டியை அப்படியே வைத்தால் மெல்ல மெல்ல வடிந்து மறுநாள் செத்திருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், முழுசாக ஏற்றியும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் விட்டுவிட்டு ஜும்மாவுக்குப் போய் வந்தவரின் பேட்டரி தலையணை மாதிரி ஊதியிருந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஊதினால் அதோடு சரி, திரும்ப ஏற்றவே கூடாது. ஓட்டிய சூடு ஆறிய பிறகுதான் சார்ஜ், அதுவும் ஆள் வீட்டில் விழித்திருக்கும்போது, கட்டில் மெத்தை மேல் இல்லாமல் சிமெண்ட் தரையில், ஒரு மண்சட்டிக்குள் வைத்து. மீன் குழம்பு சட்டி இல்லாத வீடு நம்ம பக்கம் இல்லை, பழசு ஒன்று இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

மகனுக்கு வருகிறேன். இந்த வண்டிகளின் பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். 9 வயதுப் பிள்ளை ஓட்டுவதில் ஆபத்து ஒன்றும் இல்லை, பேட்டரி, சார்ஜர், திருகு இவற்றை நீங்கள் வைத்துக்கொண்டால் போதும். ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது ஒரு விஷயம் புரிய வையுங்கள்: கல்லை நடுவில் விட்டுத் தாண்டக் கூடாது, சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்ற வேண்டும். நடுவில் விட்டால் வயிறு உட்காரும். முன்சக்கரம் தொட்டதும் விசையைக் கூட்டாமல் ஒரு நொடி பிடித்துக்கொண்டால் டயரே பல் பதித்து ஏறும். ஏறவில்லை என்றால் பின்னால் எடுத்து ஒரு விரல்கடை தள்ளி மறுபடி. ஒருவர் ஓட்ட, மற்றவர் கல்லருகே குந்திக்கொண்டு 'இடம், இன்னும் இடம், நிறுத்து' என்று சொல்ல, பிறகு மாற்றிக்கொள்ள, இப்படித்தான் என் மகளும் நானும் ஓட்டுகிறோம், ஒரு வண்டி இரண்டு பேருக்கும் போதுமானதாக இருக்கிறது. பட்ஜெட் பின்னால் இடம் கொடுத்தால் அதே அளவில் இன்னொன்று வாங்குங்கள், பெரிய வண்டிக்கு மாறுவதைவிட அதில் மகிழ்ச்சி அதிகம். இரண்டு ரிமோட்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், ஒன்றோடு ஒன்று மோதாது.

மேம்படுத்தும் பாகங்கள் என்று பித்தளையும் அலுமினியமுமாக ஆயிரம் விற்கிறார்கள், முதல் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒன்று மட்டும் செலவில்லாமல் செய்யலாம். கிராலருக்கு எடை கீழேயும் முன்னாலும் இருந்தால் நன்றாக ஏறும், கவிழ்வது குறையும். வலைக்குக் கட்டும் ஈயத்தைத் தட்டையாகத் தட்டி முன்சக்கர ரிம்முக்குள் சுற்றி ஒட்டினால், கடையில் விற்கும் பித்தளை எடை செய்கிற வேலையில் பெரும்பகுதியை அது செய்யும். இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்கிறதா என்று நகைக்கடைத் தராசு மாதிரி சின்னதில் பாருங்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது, அதனால் தட்டுவது, வெட்டுவது எல்லாம் நீங்கள் செய்து, டேப் நன்றாகச் சுற்றி மூடி, கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு மகனிடம் வண்டியைக் கொடுங்கள்.

மச்சானுக்கு அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: டிஆர்எக்ஸ்-4எம், விலை ஒத்து வராவிட்டால் எஸ்சிஎக்ஸ்24; எதை வாங்கினாலும் சார்ஜர் பெட்டியிலேயே இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும்; கூட ஒரு பேட்டரி, அச்சுத் தண்டு, பல்சக்கரம்; அந்த வண்டியின் திருகுக்குச் சரியான நல்ல ஹெக்ஸ் டிரைவர் (அறுகோண முனைத் திருப்புளி) ஒன்று, அது 1.5 மில்லிமீட்டரா 2 மில்லிமீட்டரா என்று கடையிலேயே திருகில் வைத்துப் பார்த்து. மலிவு டிரைவர் திருகின் தலையை வழித்துவிடும், வழிந்த தலையில் துருவும் சேர்ந்தால் எடுக்க நீங்கள் என் பட்டறைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.